சாயத்தண்ணிக்கு ஒரு கோப்பை

வெள்ளி, மொலகொட

இந்த முறை ஊருக்கு, தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் பையில் உடுப்பை விடச் சாமான்தான் அதிகம். சின்ன மண்வெட்டி, நைசான சல்லடை, தராசு, ஒரு கட்டு பொலித்தீன் பை. வத்தளையில் என் பட்டறை. அங்கே நான் வனைகிற கோப்பைகள் கொழும்புக் கஃபேக்களுக்குப் போகின்றன. அவற்றில் ஊற்றுவது பெரும்பாலும் கோப்பிதான். "லயத்துல பொறந்து கோப்பி குடிக்கிறவனுக்குக் கோப்பை செஞ்சு பொழைக்கிற ஒரே ஆளு நீதான்" என்று அண்ணன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு. சரி, சாயத்தண்ணிக்கும், அதாவது பால் விடாத தேத்தண்ணிக்கும், ஒன்று செய்து பார்ப்போம். அதையும் மலையில் கிடைக்கிற மண், கல், சாம்பலை வைத்தே செய்வோம் என்று கிளம்பிவிட்டேன். ராத்திரி நேரம் கிடைக்கும்போது எழுதிப் போடுகிறேன். சிக்னல் இல்லாத ஊர்களில் ஒரு நாள் பிந்தும்.

முதலில் மொலகொட. கொழும்பு–கண்டி வீதியில் கேகாலைப் பக்கம் பஸ் ஜன்னலால் பார்த்தாலே தெரியும்: வீதியோரம் வரிசையாகக் கடைகள், கடை நிறையச் சட்டி, முட்டி, பூச்சாடி, விளக்கு. பாதிக்கு மேல் பெயின்ட் அடித்த அலங்காரச் சாமான். எனக்கு அவை பிடிப்பதில்லை, ஆனால் விற்பது அவைதான். கடைகளுக்குப் பின்னால் போனால்தான் சூளையும் சக்கரமும்.

அங்கே ஒரு வீட்டுத் திண்ணையில் ஐம்பது வயது தாண்டிய அம்மா ஒருவர் கறிச்சட்டிக்கு அடி தட்டிக்கொண்டிருந்தார். சக்கரத்தில் வாயையும் தோளையும் மட்டும் முடித்துவிடுகிறார்கள். அடிப்பக்கத்தைத் தடிப்பாகவே விட்டு, மண் பாதி காய்ந்ததும் மடியில் வைத்துத் தட்டுகிறார்கள். உள்ளே இடது கையில் உருண்டைக் கல், வெளியே வலது கையில் மரப்பலகை. கல்லும் பலகையும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டும். தவறினால் ஓட்டைதான். முதலில் மந்தமாக 'தொப் தொப்' என்று கேட்டது, சுவர் மெலிய மெலிய 'டக் டக்' என்று மாறியது. அவர் சட்டியைப் பார்க்கவே இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்ணோடு கல்யாண வீட்டுக் கதை பேசிக்கொண்டே காதால் தடிப்பை அளந்துகொண்டிருந்தார். பல்கலைக்கழகத்தில் எனக்கு இதைச் சொல்லித்தர யாரும் இருக்கவில்லை.

என்னிடம் கோப்பை வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி: "அவ்வளவு சூட்டில் சுட்டதென்றால் அடுப்பில் வைக்கலாமா?" வைக்கக் கூடாது. நான் 1,220 பாகை செல்சியஸில் சுடுகிறேன். அந்தச் சூட்டில் மண் இறுகிக் கல்லாகிவிடும், தண்ணீர் கசியாது. ஆனால் நெருப்பு ஒரு பக்கம் மட்டும் பட்டால் விரிந்து கொடுக்க இடமில்லாமல் வெடிக்கும். மொலகொடச் சட்டி அதைவிடக் குறைந்த சூட்டில் விறகில் வெந்தது. மண்ணில் மணல் கலந்திருக்கும், சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும். நெருப்பின் விரிவை அந்தத் துளைகள் வாங்கிக்கொள்ளும். மீன் குழம்புக்கு அதுதான் சரி.

எனக்கு இது விரும்பி எடுத்த தொழில், அவருக்குப் பிறப்போடு வந்தது. சிங்களக் கிராமங்களிலும் குயவர் என்பது ஒரு சாதிதான். நான் கையில் மண்ணோடு நின்றால் ஆர்ட்டிஸ்ட் என்று படம் எடுக்கிறார்கள். அவருடைய மகன் மண்ணைத் தொட விரும்பாமல் கொழும்பில் டெலிவரி வேலை பார்க்கிறான். அவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அவருடைய அம்மா காலத்தில் ஊர் வயலிலேயே எடுத்தார்களாம். இப்போது லொறியில் வருகிறது. தோண்டுவதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும், ஏற்றிக்கொண்டு வருவதற்கும் வேண்டும். செங்கல் சூளைக்காரர்கள் கூடுதல் காசு கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். சக்கரம், விறகு, கை எல்லாம் இருக்கிறது, மண் மட்டும் காத்திருந்து வாங்க வேண்டியதாக இருக்கிறது என்றார். இந்தப் பேச்சு பஸ்ஸில் கண்டி வரைக்கும் என்னோடு வந்தது.

சனி, மாத்தளை

கண்டியில் ஒரு இரவு தங்கி, காலையில் மாத்தளைக்கு பஸ் பிடித்தேன். வேலை, பெல்ஸ்பார் வாங்குவது. இலங்கையில் மட்பாண்டத் தொழில் செய்கிற எவருக்கும் மாத்தளை என்றால் முதலில் இந்தக் கல்தான் நினைவுக்கு வரும். உடைத்துப் பார்த்தால் தட்டையான முகங்களாகப் பிரியும், வெயிலில் திருப்பினால் ஒரு முகம் மட்டும் சட்டென்று மின்னும். அரைத்த பிறகு சும்மா வெள்ளை மாவு. சூளையில் 1,200 பாகையைத் தாண்டும்போது உருகிக் கண்ணாடியாகிற குணம் இதற்கு உண்டு. கோப்பையின் மேல் பளபளக்கிற கிளேஸுக்கு உடம்பே இதுதான்.

1970களில் தொடங்கிய நொரிடாகே பீங்கான் தொழிற்சாலையும் இந்த ஊரில்தான். கயோலின் என்கிற வெள்ளைக் களிமண், பெல்ஸ்பார், குவார்ட்ஸ் மூன்றையும் அரைத்துக் கலந்தால் பீங்கான். தட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் பின்னால் இருக்கிற விரலின் நிழல் தெரியும். பெரும்பகுதி கப்பலேறிப் போகிறது. இலங்கைத் தேயிலையும் அப்படித்தான் போகிறது. தூர தேசத்தில் ஒரு மேசையில் இரண்டும் சந்தித்துக்கொள்ளலாம். தலவாக்கலை லயத்தில் சந்தித்து நான் பார்த்ததில்லை.

கைவினை பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆனந்த குமாரசாமியை இழுப்பார்கள், நானும் ஒருமுறை இழுத்துவிடுகிறேன். அவர் முதலில் கல் படித்தவர். இலங்கைக் கனிமவள அளவையின் முதல் பணிப்பாளர். கல்லைத் தேடி மலைநாட்டுக் கிராமங்களில் அலைந்தபோதுதான் தச்சரையும் கொல்லரையும் குயவரையும் கண்டு, 1908இல் அவர்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். குயவர் எங்கே குடியிருப்பார் என்பதைக் கல்லும் மண்ணும் பாதி தீர்மானிக்கின்றன. கல் படித்தவர் கைவினைக்கு வந்தது எனக்கு வியப்பாக இல்லை.

பத்துக் கிலோ மாவை மூட்டை கட்டிவிட்டு முத்துமாரியம்மன் கோயிலுக்குப் போனேன். மாசி மகத்துக்குத் தேர் ஓட இன்னும் நாள் இருக்கிறது. ஐந்து தேர் ஓடும். இப்போதே பந்தலுக்குக் கம்பு இறக்குகிறார்கள். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தபோது தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக நடந்து வந்த சனத்துக்கு மலையின் வாசல் மாத்தளைதான். வழியில் காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் போனவர்களுக்குக் கணக்கு இல்லை. 200 ஆண்டு நிறைவுக்கு 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியாகத் திரும்ப நடந்தார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளும் கொஞ்சத் தூரம் போய்ச் சேர்ந்துகொண்டார்கள்.

அந்த முதல் நடையில் தலையில் என்ன பாத்திரம் இருந்திருக்கும்? இது என் தொழில் புத்தி, வேறு யாருக்கும் தோன்றாது. புதுக்கோட்டையிலும் திருச்சியிலும் வீட்டில் மண்பானைதான் இருந்திருக்கும். ஆனால் நூறு மைலுக்கு மேல் காட்டில் மண்பானையைச் சுமக்க முடியாது. செம்பு, பித்தளை இருந்தவர்கள் அதைக் கொண்டு வந்திருப்பார்கள். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் பழைய லயம் ஒன்றைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். 2007இல் தொடங்கியது. வீட்டுச் சாமானும் வேலைக் கருவியும் சேர்த்து வைத்திருக்கிற இடம் அது. அந்த வழியாகப் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். இரும்பும் பித்தளையும் கல்லும் நூறு வருஷம் தாங்கி அருங்காட்சியகத்துக்கு வந்து சேரும். மண்சட்டிக்கு அந்தப் பாக்கியம் கிடையாது, உடைந்தால் குப்பைதான்.

ஞாயிறு, ரயிலில்

பேராதனையில் ஏறியபோது நிற்கத்தான் இடம். வாசலில் தொங்கிப் படம் எடுக்கிற வெள்ளைக்காரப் பிள்ளைகள், மடியில் மரக்கறி மூட்டையோடு எங்கள் ஆட்கள். ஒரு பாட்டி என் பெல்ஸ்பார் மூட்டையைக் கோதுமை மாவு என்று நினைத்து, "இம்புட்டு மாவா? கல்யாணமா?" என்று கேட்டார். கல்லு மாவு என்றேன். அப்புறம் என்னோடு பேசவில்லை.

கம்பளை, நாவலப்பிட்டி தாண்டியதும் இன்ஜின் மூச்சு வாங்க ஆரம்பிக்கும். வட்டவளையில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். அங்கே பட்டறை வைத்தால் ஒரு கோப்பை காய ஒரு மாதம் ஆகும். ஆனால் இது பெப்ரவரி கடைசி, டிம்புள்ள என்கிற எங்கள் தேயிலைப் பக்கம் காய்ந்த காற்று. கொழுந்துக்கும் இதுதான் பருவம். ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை. இறங்கும்போது சென் கிளயார் அருவி நூலாகத் தெரிந்தது. 2012இல் மேல் கொத்மலை நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கிய பிறகு அருவிக்குக் கணக்குப் பார்த்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள்.

திங்கள், பெரியம்மா வீடு

பெரியம்மா இப்போது லயத்தில் இல்லை. நாங்கள் வளர்ந்த லயத்துக் காம்பிரா பத்தடிக்குப் பன்னிரண்டு அடி, அதில் ஏழு பேர். இப்போது ஏழு பேர்ச் காணியில் தனி வீடு. இந்தியா கொடுத்த திட்டத்தில் வந்தது. இரண்டு அறை, குசினி, முன்னால் போஞ்சியும் லீக்ஸும் போட ஒரு துண்டு நிலம். ஒட்டுச் சுவர் இல்லாத வீடு என்பதால் முதல் மாதம் ராத்திரியில் பயமாக இருந்ததாம், பக்கத்து வீட்டு இருமல் கேட்காமல்.

விடிய ஐந்து மணிக்கு எழுந்து குசினியில் உட்கார்ந்து, பெரியம்மா சாயத்தண்ணி குடிப்பதை நோட்டுப் புத்தகத்தோடு பார்த்தேன்.

கேத்தல் அலுமினியம், வெளியே கரி. தண்ணீர் கொதித்தது. இங்கே உயரம் சுமார் 1,200 மீட்டர், அதனால் 96 பாகையிலேயே கொதித்துவிடும். துணி வடியில் தோட்டத்துத் தூளைப் போட்டு ஊற்றினார். பால் கிடையாது. எவர்சில்வர் தம்ளர். இடது உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி. வலது கையில் தம்ளர், அதையும் வெறுங்கையால் பிடிக்க முடியாமல் சேலைத் தலைப்பைச் சுற்றி விளிம்பில் இரண்டு விரலால் பிடித்தார். ஒரு மிடறு, சீனியில் ஒரு நக்கு, ஒரு மிடறு.

நான் கொழும்பில் செய்கிற கோப்பைக்குக் கைப்பிடி வைப்பதில்லை. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் குளிர் காய்கிற வடிவம், படத்திலும் நன்றாக இருக்கும். கொழும்பில் குளிர் எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், ஏசி இருக்கிறது. இங்கே குளிர் நிஜம், ஆனால் ஒரு கை சீனிக்குப் போய்விட்டது. மிச்சம் ஒரு கை. அந்தக் கையின் விரல்கள் நாற்பது வருஷம் கொழுந்து கிள்ளியவை. நுனித் தோல் தடித்து, நகக்கண்ணில் கறை ஊறி, மூட்டு முழுதாக மடங்காது. மெல்லிய சின்னக் கைப்பிடி வைத்தால் அதற்குள் பெரியம்மாவின் விரல் போகாது. இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும், மூட்டு மடங்காமலே தூக்க வேண்டும். கைப்பிடி கோப்பையின் நடுவில் இல்லாமல் கொஞ்சம் மேலே இருந்தால்தான் மணிக்கட்டு திரும்பாது. வாய் அகலமாக இருந்தால் 96 பாகையில் தொடங்குகிற தண்ணி ஐந்து நிமிடத்தில் பச்சைத் தண்ணி ஆகிவிடும். அகலம் குறைய வேண்டும், சுவர் தடிக்க வேண்டும். நான்கு படம் வரைந்து காட்டினேன்.

பெரியம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் புள்ள இருக்கு. பீலியில கழுவுறப்ப கை நழுவினா?" என்றார்.

"ஒடையும்."

"தம்ளர் நழுவினா நெளியும். நிமித்திக்கலாம். நாப்பது வருசமா அந்தத் தம்ளர் இருக்கு."

இதற்குப் பதில் கிடையாது. மண் இயற்கையானது, உடம்புக்கு நல்லது, பாரம்பரியம் என்றெல்லாம் கொழும்புச் சந்தைகளில் பேசுகிறோம். தோட்டத்தில் சனம் அலுமினியத்துக்கும் எவர்சில்வருக்கும் போனதற்கு அறியாமை காரணமில்லை. பத்தடி அறையில் ஏழு பேர் நடமாடும் இடத்தில் உடைகிற பாத்திரம் ஒரு செலவு. மலையில் கொழுந்து எடுக்கும்போது குடிக்கிற தேத்தண்ணி பிளாஸ்டிக் போத்தலில்தான் போகும், அங்கேயும் என் கோப்பைக்கு வேலையில்லை. ஆகவே நான் செய்யப்போவது வேலை முடிந்து ஓய்ந்திருக்கும் பெரியம்மாவின் காலை ஐந்து மணிக்கு மட்டும். அந்த அளவு எனக்குப் போதும்.

"ஒடைஞ்சா இன்னொண்ணு தருவேன்" என்றேன்.

"அப்ப ரெண்டாக் குடு" என்றார்.

செவ்வாய், ஸ்டோர்

அண்ணன் ஸ்டோரில் டிரையர் பக்கம் வேலை. வெளியூர்க்காரர்கள் டீ பெக்டரி என்பார்கள், எங்களுக்கு ஸ்டோர். டீமேக்கர் ஐயாவிடம் முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார். மேல் மாடியில் கொழுந்து வாட்டுகிறார்கள். நீளத் தொட்டிகளில் வலையின் மேல் கொழுந்தைப் பரப்பி அடியிலிருந்து காற்று விடுவார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு பிடி எடுத்து அழுத்திவிட்டுக் கையைத் திறந்தால் கொழுந்து உருண்டையாகவே நிற்க வேண்டும், அதுதான் பதம். எங்கள் தொழிலிலும் மண்ணின் ஈரத்தைக் கையால்தான் முடிவு செய்கிறோம். மீட்டர் இருக்கிறது, யாரும் நம்புவதில்லை.

நான் பார்க்க வந்தது சுவை பார்க்கிற அறை. ஜன்னலோரம் நீள மேசை, மேசையில் வரிசையாக வெள்ளைப் பீங்கான். ஒவ்வொரு வகைத் தூளுக்கும் மூடியோடு ஒரு சின்னக் குவளையும் ஒரு கிண்ணமும். குவளையின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் பல் பல்லாக வெட்டியிருக்கும். தூளைப் போட்டுக் கொதிநீர் ஊற்றி, மூடி, நேரம் முடிந்ததும் குவளையை மூடியோடு கிண்ணத்தின் மேல் படுக்க வைக்கிறார்கள். சாயம் அந்தப் பல் வழியாக வடிந்துவிடும், இலை உள்ளே நிற்கும். வடி வேண்டாம். பிறகு இலையை மூடியில் கவிழ்த்து அதன் நிறத்தையும் பார்ப்பார்கள். இதற்கென்று சர்வதேசத் தரமே உண்டு, ஐஎஸ்ஓ 3103: 100 மில்லிலீட்டருக்கு 2 கிராம், 6 நிமிடம், வெள்ளைப் பீங்கான். எத்தனையோ விதக் கோப்பை பார்த்திருக்கிறேன். தேவைக்கு மேல் ஒரு கோடு கூட இல்லாத பாத்திரம் இதுதான். ஒன்றைக் கையில் எடுத்து அடியைத் திருப்பிப் பார்த்தேன். பல்வரிசை வெட்டின இடத்தில் கிளேஸ் கொஞ்சம் மெலிந்து விளிம்பு மங்கலாகத் தெரிந்தது. ஆயிரக்கணக்கான முறை வடிந்த இடம்.

டீமேக்கர் ஐயா ஒரு கரண்டி எடுத்து 'ஸ்ர்ர்ர்' என்று இழுத்து, வாயில் சுழற்றி, துப்பினார். அடுத்தது. அடுத்தது. இந்தப் பருவத்துச் சாயம் கிண்ணத்தின் விளிம்பில் பொன் வளையம் கட்டுகிறது. அண்ணன் வாசலிலேயே நின்றார். இருபது வருஷமாக இந்தத் தூளைக் காய வைக்கிறார், இந்தக் கிண்ணத்தில் குடித்ததில்லை. கேட்டேன். "நமக்கு மாசாமாசம் குடுக்கிற தூளுதானே. இது கொழும்பு ஏலத்துக்கு" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் என்னவோ போல் இருந்தது.

கோப்பைக்கு உள்பக்கம் வெள்ளை கிளேஸ் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். பெரியம்மாவும் சாயத்தின் நிறத்தைப் பார்த்துக் குடிக்கட்டும்.

டிரையர் அடுப்பில் எரிவது பெரும்பாலும் யூகலிப்டஸ் விறகு. சாம்பலை ஒரு மூலையில் குவித்து வைத்திருந்தார்கள், கேட்டவர்கள் மரக்கறித் தோட்டத்துக்கு அள்ளிக்கொண்டு போவார்கள். நானும் ஒரு மூட்டை அள்ளினேன். சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். பெல்ஸ்பாரைச் சீக்கிரம் உருக வைப்பது அதுதான். பெல்ஸ்பார் நாற்பது பங்கு, சாம்பல் நாற்பது, மண் இருபது என்று தொடங்கினால் 1,250 பாகைக்குக் கிட்டத்தில் ஒரு கிளேஸ் கிடைக்கும். மண்ணில் இரும்பு இருந்தால் பழுப்பாகும், சூளைக்குக் காற்றை அடைத்தால் பச்சையாகத் திரும்பும். சாம்பலை முதலில் தண்ணீரில் ஊறப் போட்டு மேல்தண்ணியை இரண்டு மூன்று முறை வடிக்க வேண்டும். வடிக்கும்போது கையுறை முக்கியம், அந்தக் காரம் தோலைத் தின்னும். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன்.

வெளியே வரும்போது வாசல் பக்கம் ரோதை முனிக்கு ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மெஷினுக்குக் காவல் இருக்கிற முனி. கை கால் போகாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. விளக்கு மண் அகல்தான். மொலகொடச் சரக்காக இருக்கும், எண்ணெய் கசிந்து அடி கறுத்திருந்தது. மண்ணுக்குத் தோட்டத்தில் மிஞ்சியிருக்கிற இடம் சாமியிடம்தான்: அகல் விளக்கு, தீச்சட்டி, தைப்பொங்கல் பானை. மூன்றும் கீழ்நாட்டிலிருந்து வாங்கி வருபவை.

புதன்

காலையில் கடும் பனி. துணி துவைத்தேன், காயவில்லை. சாம்பல் சலித்தேன், தும்மினேன். வேறொன்றுமில்லை.

ராத்திரி காமன் கூத்துக்கு ஆள் சேர்த்தார்கள். மாசிப் பிறைக்குக் கம்பம் நட்டாயிற்று. இனிப் பௌர்ணமி வரை ஒவ்வொரு ராத்திரியும் ஆட்டம். தப்பு அடிப்பவர்கள் வைக்கோலைக் கொளுத்தி அதன் மேல் தப்பைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பனியில் தோல் தளர்ந்துவிடும், சூடு காட்டினால்தான் குரல் வரும். ரதியாக வேஷம் கட்டப்போகிற பையன் ஹட்டனில் போன் கடை வைத்திருக்கிறவன், ராத்திரி ஆட்டம், பகலில் கடை. தூக்கம் எப்போது என்றதற்கு, "பௌர்ணமிக்கு அப்புறம்தான் அக்கா" என்றான்.

வியாழன், மண்

கல்லும் சாம்பலும் கிடைத்தாயிற்று, மண் மட்டும் பாக்கி. களிமண் என்பது மேட்டில் இருப்பதில்லை. பாறை நைந்து உண்டாகிற நைஸ் துகளை மழை அடித்துக்கொண்டு போய்ப் பள்ளத்தில், வயலில், ஆற்றங்கரையில் படிய வைக்கிறது. குயவர்கள் கீழே இருப்பதும் அதனால்தான். மலையில் மிஞ்சுவது சிவப்பு மண், பரபரப்பாக இருக்கும், பிடித்தால் உதிரும். ஆனால் வீதி வெட்டிய சரிவுகளில் சில இடத்தில் பாறை நின்ற இடத்திலேயே வெந்து நைந்து வெள்ளைப் பட்டையாகத் தெரியும். அது கயோலினுக்கு உறவு.

தோட்டத்துக்குள் இரண்டாம் வளைவில் அப்படி ஒரு பட்டையைப் பார்த்து வைத்திருந்தேன். மண்வெட்டியை எடுத்ததும் காவல்காரர் வந்துவிட்டார். தெரிந்த மனுஷன்தான், மரியாதையாகத்தான் சொன்னார்: "தங்கச்சி, ஆபிசுல ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க. யாராச்சும் பாத்தா என்னையத்தான் கேப்பாங்க." ஆபிஸில் கேட்டேன். மேலே கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். ஒரு வாளி மண்.

திரும்பி நடக்கும்போது மொலகொட அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அவருக்காவது அம்மா காலத்து வயல் ஒன்று இருந்தது. என் தாத்தா இந்த மலையைக் கல் புரட்டி, கான் வெட்டி, மட்டம் கட்டி எழுப்பியவர். 1948 சட்டத்தில் குடியுரிமை போய் வாழ்ந்தவர். அவருடைய கூட்டத்தில் குயவர் இருந்தார்களா என்று யாருக்கும் தெரியாது. இருந்திருந்தாலும் எங்கே தோண்டியிருப்பார்? மலை முழுக்கக் கம்பனிக்கு அல்லது அரசாங்கத்துக்கு. தோட்டத்தில் ஏன் மட்பாண்டம் செய்கிற கை இல்லாமல் போனது என்பதற்குக் கல், மழை, விறகு என்று தொழில்ரீதியாகப் பல காரணம் சொல்லலாம். நானே பல இடத்தில் சொல்லியிருக்கிறேன். இந்த ஒரு வாளிக் கதையை இனி முதலில் சொல்வேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் பெரியம்மா, "அதுக்கு ஏன் அங்க போன? இங்க எடு" என்றார். பின்பக்கம் கழிவுத் தண்ணிக்கு அண்ணன் வெட்டிய குழி, பாதியில் நிற்கிறது. எட்டிப் பார்த்தேன். நாலடி வரைக்கும் சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே ஒரு பக்கமாக வெள்ளையும் ரோஸும் கலந்த பட்டை.

"காணி உறுதி வந்துட்டா?" என்றேன் அண்ணனிடம்.

"வீடு நம்ம பேர்ல. உறுதி வரும்ங்கிறாங்க."

"வருதோ வரலையோ, குழி நம்ம குழி" என்றார் பெரியம்மா.

இறங்கி ஒரு பிடி எடுத்தேன். உள்ளங்கையில் தண்ணீர் விட்டுப் பிசைந்ததும் முதலில் மணல் நெருடியது, கொஞ்ச நேரத்தில் நைஸ் மேலே வந்து ரொட்டி மாவின் பதத்துக்கு வந்தது. பென்சில் தடிப்பில் திரித்து ஆள்காட்டி விரலில் சுற்றினேன். நல்ல களிமண் வெடிக்காமல் சுற்றும். இது பாதிச் சுற்றில் வெடித்தது. எதிர்பார்த்ததுதான், தனியாக வனைய இது உதவாது. கழுவிச் சலித்து, மொலகொடக் களிமண் மூன்று பங்குக்கு இது ஒரு பங்கு கலந்தால் உடம்புக்கு ஆகும். கிளேஸில் சேர்க்கிற இருபது பங்குக்கு இதையே தனியாகப் போடலாம். நூற்றுக்கு நூறு மலை மண் என்று பெருமை பேச முடியாது. பரவாயில்லை.

பதினைந்து கிலோ அள்ளிப் பையில் கட்டினேன். செய்தி அதற்குள் பரவிவிட்டது. கோயில் பூசாரி வந்து, வாங்கி வருகிற தீச்சட்டி ஒவ்வொரு திருவிழாவிலும் பாதி வழியில் விரிசல் விடுகிறது, வெடிக்காத சட்டி செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும், கொஞ்சம் குறைந்த சூட்டில், மணல் கூட்டிச் சுட வேண்டும், மொலகொடச் சட்டியின் கணக்கு. அடியில் வளையம் வைத்தால் கையில் சூடும் குறையும். விலை கேட்டார். சொன்னேன். "அம்மன் காரியம்" என்றார். பாதியாகக் குறைத்தேன். இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார், அண்ணன் உள்ளே கூட்டிக்கொண்டு போய்த் தேத்தண்ணி கொடுத்தார்.

நாளைக்கு இறங்குகிறேன். மூட்டைகளை ரயிலில் பார்சல் போட அண்ணன் ஸ்டேஷனுக்கு வருவார். கோப்பை எப்போது வரும் என்று கேட்டதற்கு, சித்திரை வருஷத்துக்கு முன்னால் என்று சொல்லியிருக்கிறேன். பெரியம்மாவுக்கு அதைவிட அவசரம் வேறு: நான் அள்ளிய பக்கம் குழி சரிந்து நிற்கிறது, மழை வந்தால் போஞ்சிப் பாத்தி உள்ளே போய்விடும், கிளம்புவதற்கு முன்னால் மட்டம் கட்டிவிட்டுப் போ என்று மண்வெட்டியைக் கையில் கொடுத்திருக்கிறார்.